கொல்லிமலைக்கு ரெண்டு நாள்: 11 பேர், ரெண்டு கார், முழங்கால் வலியோட அம்மா

மலைமுகடு:
வர்ற சனி, ஞாயிறு சேலத்துலேர்ந்து மூணு குடும்பமா கொல்லிமலை கிளம்புறோம். பெரியவங்க 7, பசங்க 4. அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி உண்டு. ஒரு கார் ஆட்டோமேட்டிக். காரவள்ளி வழி நல்லதா, முள்ளுக்குறிச்சி வழியா? ஆகாய கங்கை அருவிக்கு அம்மா இறங்கலாமா? பசங்கள்ல ரெண்டு பேருக்கு வளைவுல வாந்தி வரும்.

சோளக்காடு:
வாந்தி வர்ற பசங்க இருந்தா ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியா ஏறுங்க. சேலத்துக்கு அதுதான் நேர் வழி, வளைவும் குறைவு. காரவள்ளியில 70 கொண்டை ஊசி வளைவு, அடுத்தடுத்து வரும். அதைப் பார்க்கணும்னு ஆசை இருந்தா இறங்கும்போது பார்த்துக்கலாம், ஆனா ஓட்டுறவர் மலைப்பாதை பழகினவரா இருக்கணும்.

காலையில இட்லியோட நிறுத்திக்கோங்க. பூரி, பால் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிச்சு மலை ஏறுங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க, போன் கையில கொடுக்காதீங்க. கண் ஆடாத திரையைப் பார்க்குது, உடம்பு ஆடுது. அந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். மாத்திரை தர்றதா இருந்தா டாக்டர்கிட்ட அளவு கேட்டு, கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடியே கொடுக்கணும். வாந்தி ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா நிக்காது.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படி. அம்மா இறங்கவே வேண்டாங்க. மூச்சு வாங்குறது ஏறும்போது, முழங்கால் தேயறது இறங்கும்போது. பாதியில வலி வந்தா திரும்பவும் அத்தனை படியும் ஏறித்தான் ஆகணும், வேற வழி கிடையாது. பக்கத்துலயே அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கு, அங்க நிதானமா தரிசனம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கட்டும், துணைக்கு ஒருத்தர் இருங்க. அவங்களும் அருவி பார்க்கணும்னா மாசிலா அருவிக்குக் கூட்டிப் போங்க, படி குறைவு.

இரண்டாம்கியர்:
காரவள்ளி வழியா இறங்குறதா இருந்தா இதைக் கவனிங்க. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கணும். பெரும்பாலும் ரெண்டு, வளைவுல ஒண்ணு. ஆட்டோமேட்டிக்ல D-யில (வழக்கமா ஓட்டுற நிலை) விட்டு வைக்காதீங்க, L (குறைஞ்ச கியர்) அல்லது மேனுவல் மோடுக்கு மாத்துங்க. பிரேக்கை மிதிச்சபடியே இறங்கினா பிரேக் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதிச்சு குமிழ் விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பழைய ஆயில்ல ஈரம் சேர்ந்திருக்கும், அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ரெண்டு வருஷமா மாத்தலைன்னா கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.

கருகின வாடை வந்தா நேரான இடத்துல ஒதுங்கி அரை மணி நில்லுங்க. டிஸ்க் மேல தண்ணி ஊத்தவே கூடாது, வளைஞ்சிடும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதோ இஞ்சினை அணைக்கிறதோ உயிருக்கே ஆபத்து: நியூட்ரல்ல இஞ்சின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது, பிரேக் மட்டுமே தாங்கணும்; இஞ்சினை அணைச்சா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும்.

பஸ் வளைவுல முழு ரோட்டையும் எடுத்துக்கும். ஹாரன் கேட்டா வளைவுக்கு முன்னாடியே நில்லுங்க. ஏறுற வண்டிக்கு வழி விடுங்க.

மலைமுகடு:
ரொம்ப நன்றிங்க. முதல் நாளே ஆகாய கங்கையா, ரெண்டாம் நாளா?

சோளக்காடு:
ரெண்டாம் நாள் காலையில முதல் வேலையா வைங்க. சனிக்கிழமை மதியம் போனா களைப்போட வெயில்ல ஏறணும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, பிடிமானமான செருப்பு. பிளாஸ்டிக் கவரைக் கையில தொங்கவிட்டா குரங்கு பறிச்சிடும். முந்தின ராத்திரி பலத்த மழைன்னா அருவியை மறந்துடுங்க, தண்ணி திடீர்னு கூடும். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அந்த நாள்கள்ல வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

இரண்டாம்கியர்:
ஞாயிறு 4 மணிக்குள்ள இறங்க ஆரம்பிங்க. பனி மூடினா லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டா வெளிச்சம் பனியில பட்டுக் கண்ணுக்கே திரும்பும்.