75 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டை ஓரம் பிய்யாமல் நேராக வெட்டுவது எப்படி?

மொட்டைமாடி (திருச்சி):

வணக்கம். வீட்டு மொட்டைமாடியில் வெயில் காப்புக்காக எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டி ஃபோம் போர்டு பதித்துக்கொண்டிருக்கிறோம். நீல நிறம், 75 மி.மீ. கனம், 1250-க்கு 600 அளவு. வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தாயிற்று. அதன் மேல் போர்டு, அப்புறம் ஜியோடெக்ஸ்டைல் துணி, மட்டப்படுத்தும் ஸ்க்ரீட் கான்கிரீட், கடைசியில் டைல்ஸ் என்று திட்டம்.

நடுவில் முழு போர்டுகள் நன்றாக உட்கார்ந்துவிட்டன. கைப்பிடிச் சுவர் ஓரத்தில்தான் சிக்கல். ஆபீஸ் கட்டர் பாதிக் கனம்கூடப் போகவில்லை. கீறிவிட்டு உடைத்தால் அடிப்பாகம் கோணலாகப் பெயர்கிறது. ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் மேலே கோட்டிலேயே இருக்கிறது, அடியில் ஒரு விரல் அளவுக்கு விலகிவிடுகிறது. வெட்டிய முகம் முழுக்கச் சொரசொரப்பு. மாடியெல்லாம் நீலத் தூள் பறந்து கை, சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது.

கொத்தனார், "இடைவெளி இருந்தால் என்ன சார், சிமெண்ட் பாலை ஊற்றி அடைத்துவிடலாம்" என்கிறார். எலக்ட்ரீஷியன் தம்பி சூடான கம்பியால் வெட்டலாம் என்கிறார். எது சரி? படிக்கட்டு அறையின் தகரக் கூரைக்கு அடியில் வைக்க, இருபுறமும் வெள்ளிக் காகிதம் ஒட்டிய மஞ்சள் போர்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் இதே முறையில் வெட்டலாமா?

குளிர்அறை ஃபிட்டர் (ஈரோடு):

ஐயா, ஹேக்ஸாவைத் தூர வையுங்கள். அதன் பற்கள் இரும்புக்கு ஆனவை. ஃபோமில் பல் இடுக்கெல்லாம் தூள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது வெட்டாது, உராய்ந்து பிய்க்கும். பிளேடும் மெல்லியது, ஒரு முனையை மட்டும் பிடித்து அறுத்தால் உள்ளே போகும்போது வளைந்துவிடும். அடியில் கோடு விலகுவது அதனால்தான்.

75 மி.மீ. கனத்துக்கு வேண்டியது நீளமான, மெல்லிய, கூரான கத்தி. பேக்கரியில் பெரிய ரொட்டியை வெட்டுகிற நீளக் கத்தி போதும், 25 முதல் 30 செ.மீ. வரை அலகு இருக்க வேண்டும். ஏன் அவ்வளவு நீளம் என்றால், கத்தியை நெட்டுக்குத்தாக வைத்து அறுக்கக் கூடாது. போர்டின் மேல் சுமார் 30 டிகிரி சாய்த்துப் பிடித்து, நீளமாக இழுத்து இழுத்து வெட்ட வேண்டும். அந்தச் சாய்வில் 75 மி.மீ. போர்டுக்குள் கத்தி கடக்கும் நீளமே 15 செ.மீ. வந்துவிடும். மீதி நீளம் இருந்தால்தான் இழுக்க இடம் இருக்கும். கீழ்நோக்கி அழுத்தவே வேண்டாம். அழுத்தினால் ஓரம் நசுங்கி, கத்தி வெளியே வரும் இடத்தில் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

கோடு போடுவதிலும் கவனம் வேண்டும். மேல் முகத்தில் மட்டும் போட்டால் போதாது. மூலைமட்டம் வைத்துப் பக்கவாட்டில் இறக்கி, அடிமுகத்திலும் அதே கோட்டைச் சேர்த்துவிடுங்கள். பிறகு 18 மி.மீ. கட்டரில் புது பிளேடு போட்டு, இரண்டு முகத்திலும் அந்தக் கோட்டில் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். ஓரம் பிய்யாமல் காப்பாற்றுவது இந்தக் கீறல்தான்.

அப்புறம் வழிகாட்டி. ஜன்னல் வேலைக்கு வரும் அலுமினிய பாக்ஸ் துண்டு இரண்டு எடுங்கள். ஒன்றை மேல் கோட்டிலும் மற்றொன்றை நேர் கீழே அடிக்கோட்டிலும் வைத்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் நேராகக் கடித்தால் போர்டில் பள்ளம் விழும், அதனால் அலுமினியத்தின் மேல் மட்டும் கடிக்கும்படி பாருங்கள். கத்தி மேலேயும் கீழேயும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே போகும். விலக நினைத்தாலும் விலகாது. குளிர்பதன அறை வேலையில் 100 மி.மீ. ஸ்லாபையே இப்படித்தான் வெட்டுகிறோம்.

கத்தி மழுங்கியதைக் காது சொல்லிவிடும். கூராக இருந்தால் "ஸ்ஸ்" என்று ஒரே சீராக ஓடும். கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தித் தீட்டுங்கள். ஃபோம் மென்மையாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், கத்தியின் கூர்மையை அது சீக்கிரம் தின்றுவிடும். அரை மணிக்கு ஒருமுறை நைஸ் எமரி காகிதத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் நாள் முழுக்க ஒரே கத்தி ஓடும்.

மேடை அலங்காரம் (மதுரை):

சூடான கம்பி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் தொழிலே அதில்தான் ஓடுகிறது. நீல எக்ஸ்பிஎஸ், வெள்ளைத் தெர்மகோல் இரண்டும் பாலிஸ்டைரீன்தான். 100 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும், அதனால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். தூளே வராது, வெட்டிய முகம் கண்ணாடிபோல் இருக்கும்.

0.4 மி.மீ. நைக்ரோம் கம்பி (மின்சாரத்தில் சூடேறும் கம்பி) வாங்குங்கள். 60 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 5 ஓம் தடை வரும். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரில் கொடுத்தால் இரண்டரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், ஏறக்குறைய 28 வாட். நடுவில் ஒரு டிசி டிம்மர் போட்டுக்கொண்டால் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தால் ஃபோம் உருகி அகலமாக ஓடிவிடும், புகையும் கிளம்பும். சரியான சூட்டில் கம்பி பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். ஃபோமைத் தொட்டதும் மெதுவாக இறங்கும்.

சூடேறினால் கம்பி நீளும், தொய்ந்தால் வெட்டு நடுவில் வயிறு தள்ளும். ஆகவே ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டே ஆக வேண்டும். கையால் தள்ளும்போது நீங்கள் நின்ற இடத்தில் கம்பியும் நின்று ஒரு குழி விழும், அதனால் ஒரே வேகத்தில் தள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் நேராகக் கொடுக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், உயிர் போகும். திறந்த மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள்.

குளிர்அறை ஃபிட்டர் (ஈரோடு):

மதுரை அண்ணன் சொன்னது நீல போர்டுக்கு மட்டும். அந்த மஞ்சள் போர்டில் கம்பியை வைத்துவிடாதீர்கள். வெள்ளிக் காகிதம் ஒட்டிய மஞ்சள் போர்டு என்றால் பெரும்பாலும் பஃப் அல்லது பிஐஆர், அதாவது பாலியூரித்தேன் வகை. அது உருகாது, கருகும். கருகும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு போன்ற நஞ்சு இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டில் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு விடுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் கண் முன்னே கரைந்து குழி விழும், பஃப் அப்படியே இருக்கும். மஞ்சள் போர்டுக்குக் கத்திதான். முதலில் காகிதத்தை இருபுறமும் கட்டரால் அறுத்துவிட்டு, பிறகு நீளக் கத்தியை விடுங்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் தொண்டையைக் கரகரவென்று அரிக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

சிவில் பொறியாளர் (கோவை):

கொத்தனார் சொன்ன சிமெண்ட் பால் வேண்டவே வேண்டாம். எக்ஸ்பிஎஸ் வெப்பம் கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.03 வாட். சிமெண்ட் கலவைக்கு அது 0.7-க்கு மேல், இருபது மடங்குக்கும் அதிகம். சுவர் ஓரம் முழுக்க ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்ட் ஊற்றினால், வெயில் சூடு தளத்துக்குள் இறங்க நீங்களே பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகும். அந்த ஓரத்து அறைச் சுவரில் கை வைத்தாலே தெரியும்.

5 மி.மீ.க்கு மேல் உள்ள இடைவெளியில் ஸ்ப்ரே டப்பாவில் வரும் பியு (பாலியூரித்தேன்) ஃபோம் அடியுங்கள். உப்பிக் காய்ந்ததும் மிச்சத்தை மட்டமாகச் சீவிவிடலாம். அதைவிடக் குறைந்த சந்துக்கு எக்ஸ்பிஎஸ் சீவலையே செருகலாம். தின்னர் கலந்த ரப்பர் பசை எதையும் நீல போர்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கரைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிஸ்டைரீன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. விரியும். 1250 மி.மீ. போர்டு காலை நிழலில் இருந்து நடுப்பகல் வெயிலுக்குப் போய் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இரண்டரை மி.மீ. நீளும். மத்தியானம் கொதிக்கிற போர்டை இறுக்கமாக அளந்து வெட்டினால் மாலையில் சந்து விழும். காலையில் இறுக்கமாகத் திணித்தால் மத்தியானம் நடுவில் எழும்பும். போர்டுகளை நிழலில் மூடி வைத்து, காலை வேளையில் அளந்து, வெட்டி, பதித்து, அன்றன்றே மேலே துணி விரித்து மூடிவிடுங்கள். திறந்து போட்டால் வெயிலில் மேல்தோல் மஞ்சளாகிப் பொடி உதிரும்.

மொட்டைமாடி (திருச்சி):

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடையில் ரொட்டிக் கத்தி வாங்கி, மேலும் கீழும் அலுமினியம் கட்டி வெட்டினோம். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இப்போது ஒரு மி.மீ. கூட விலகல் இல்லை, கீறிய ஓரம் இரண்டும் கத்தரித்த காகிதம்போல இருக்கிறது. கம்பி செட் பண்ண வேண்டிய தேவையே வரவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவர் சோதனையில் மஞ்சள் போர்டு கரையவில்லை, பஃப்தான்.

இனி மிச்சம் இருப்பது குழாய். 110 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று தளத்திலிருந்து மேலே நிற்கிறது. போர்டை மேலிருந்து மாட்ட முடியாது, உச்சியில் கவ்ல் (காற்றுப்போக்கு மூடி) ஒட்டியிருக்கிறார்கள். வட்டமாக வெட்ட வழி சொல்லுங்கள். தூளுக்கும் ஏதாவது யோசனை உண்டா?

குளிர்அறை ஃபிட்டர் (ஈரோடு):

முழு வட்டம் வேண்டாம். போர்டு இரண்டின் இணைப்புக் கோடு குழாயின் நடுவில் விழும்படி அந்த வரிசையை மட்டும் நகர்த்திப் போடுங்கள். அப்போது ஒவ்வொரு போர்டிலும் அரை வட்டம் வெட்டினால் போதும், இருபுறமிருந்தும் தள்ளிச் சேர்த்துவிடலாம். அட்டையில் 130 மி.மீ. விட்டத்துக்கு அரை வட்டம் வெட்டி, போர்டின் மேலும் கீழும் நேருக்கு நேர் பின் குத்தி வையுங்கள். ஒடுங்கிய அலகுள்ள கத்தியை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அட்டை ஓரத்தைத் தொட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். இங்கே மட்டும்தான் சாய்க்கக் கூடாது. ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சுற்றிலும் ஒரு செ.மீ. சந்தில் பியு ஃபோம் நிரம்பிப் பிடித்துக்கொள்ளும்.

தூள் ஒட்டுவது நிலைமின்சாரத்தால். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் போர்டையும் தரையையும் லேசாக நனைத்துவிட்டு வெட்டுங்கள், பறக்காது. முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துச் சாக்கில் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் நேராக மழைநீர்க் குழாய்க்குத்தான் போகும். வேலை முடியும்வரை அந்தக் குழாய் வாயில் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.