1944 லோ பானெட் ஜீப்: செல்ஃப் முக்குது, ரெண்டாம் கியர் விழுது, டீசல் போட்டுடலாமா?

கோத்தகிரி_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா தோட்டத்து ஷெட்டில் கிடந்த ஜீப்பை வீட்டுக்கு இழுத்து வந்திருக்கிறேன். எப்போதோ ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, கை மாறி மாறி அவரிடம் வந்த வண்டி. ஆர்.சி.யில் வில்லிஸ் 1944 என்று இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் மூன்று தலைவலி. ஒன்று, 6 வோல்ட் பேட்டரி புதிதாகப் போட்டும் செல்ஃப் முக்கி முக்கித்தான் சுற்றுகிறது, இன்ஜின் சூடாகிவிட்டால் அதுவும் இல்லை, ஆள் வைத்துத் தள்ள வேண்டும். இரண்டு, இறக்கத்தில் ரெண்டாம் கியரில் வரும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஊர் ரோடு தெரியும்தானே, உயிர் போய் வருகிறது. மூன்று, பிரேக் அடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் ஒரே பேச்சாக "டீசல் இன்ஜின், கியர்பாக்ஸ், 12 வோல்ட் எல்லாம் மாத்திடலாம் தம்பி, இதோட மல்லுக்கட்ட வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பட்டறை_மாமா:
தம்பி, முதலில் பிரேக். அது முடியும்வரை வண்டியை மலை இறக்காதீங்க. இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே இருக்கும், ஒரு ஹோஸ் வெடித்தால் பிரேக்கே கிடையாது. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். இடது பக்கம் இழுக்கிறது என்றால் இடதில் கோளாறு என்று நினைத்து அந்த டிரம்மை மட்டும் கழற்றுவார்கள். பெரும்பாலும் வலது சக்கரம்தான் வேலை செய்யாமல் இருக்கும். வலது முன் டிரம்மைக் கழற்றி லைனிங்கைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று கறுப்பாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது: ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் சீல் தேய்ந்து, டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) வந்து, அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்து டிரம்முக்குள் தள்ளுகிறது. லைனிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதை. சீலோடு சேர்த்து மாற்றுங்கள், எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டும் வேலை வேண்டாம்.

செல்ஃபுக்கு 6 வோல்ட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்த வண்டி போர்க்காலத்தில் அதே 6 வோல்ட்டில்தான் ஓடியது. அதே பவருக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் போக வேண்டும், அதனால் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் கார் பேட்டரி கேபிளை வாங்கி மாட்டிவிடுவார்கள், அது போதாது. 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள், வெல்டிங் கேபிளே போதும். அப்புறம் எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் பின்னல் பட்டை இருக்க வேண்டும், பல வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட் காட்டினால் பேட்டரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அங்கேயே போகிறது என்று அர்த்தம். பிளஸ் பக்கமும் அதேபோல் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் முக்கினால் மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் பாருங்கள்.

கியர் விழுவது டி-84 கியர்பாக்ஸின் பிறவிக் குணம். முதலில் பெட்டியைப் பிரிக்காமல் மேல் மூடியை மட்டும் கழற்றுங்கள். ஷிஃப்ட் ராடுகளைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் அதில்தான். ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் அதை மாற்றுவதே பாதித் தீர்வு. கூடவே கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா, பின் கிராஸ் மெம்பர் (சேஸியின் குறுக்குச் சட்டம்) ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பெட்டியைப் பிரித்து ஷாஃப்ட் ஆட்டமும் சின்க்ரோ வளையமும் (கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை வளையம்) பார்க்க வேண்டும். ஆயில் எஸ்.ஏ.இ. 90, ஜி.எல்-4 கேளுங்கள். கடைக்காரர் ஜி.எல்-5 நீட்டுவார், அதில் இருக்கும் கந்தகம் பித்தளை வளையத்துக்கு ஆகாது.

டீசல் வேண்டாம். 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினுக்குப் போட்ட 9 அங்குல பிரேக் அது. கனமான டீசலை ஏற்றிவிட்டு இதே பிரேக்கில் மலை இறங்குவீர்களா?

சேஸி_நம்பர்:
மாமா சொன்னதற்கு மேல் ஒரு சந்தேகம். உள்ளே இருப்பது நிஜமாகவே வில்லிஸ்தானா? 1942 முதல் 1945 வரை ஃபோர்டும் இதே ஜீப்பை ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரில் செய்தது. முன்னால் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் கிராஸ் மெம்பர் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், தலைகீழ் 'ப' வடிவமாக இருந்தால் ஃபோர்டு. போல்ட் தலையில் ஆங்கில எஃப் எழுத்து தெரிந்தால் அதுவும் ஃபோர்டுதான். ஏலத்துக்கு வருமுன் ராணுவப் பட்டறைகளில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறியிருக்கும், அதனால் போல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்ஜினையும் பாருங்கள். ஹெட் தட்டையாக, பிளக் நாலும் மேலே நிற்க, கார்ப்பரேட்டர் பக்கவாட்டில் இருந்தால் பழைய எல்-ஹெட். மேலே ராக்கர் மூடி இருந்தால் மஹிந்திரா ஹை பானெட்டில் வந்த எஃப்-ஹெட். அது உயரமானது என்பதால்தான் அந்த வண்டிக்கு பானெட்டையே தூக்கினார்கள். உங்களுடையது லோ பானெட் மூடுகிறது என்றால் எல்-ஹெட்டாகத்தான் இருக்கும். கீழ்ப் பாகங்கள் பல இரண்டுக்கும் பொது, மஹிந்திரா பழைய சாமான் கடைகளில் தேடலாம்.

கோத்தகிரி_பையன்:
ரொம்ப நன்றி மாமா, நன்றி அண்ணா. குழாய்தான், உருண்டை. எஃப் எழுத்து போல்ட்டும் நாலைந்து இருக்கிறது! டிரம் கழற்ற சனிக்கிழமை உட்காரப் போகிறேன். இடது பக்க நட்டு அசையவே இல்லை, குழாய் போட்டு நெம்பட்டுமா? அப்புறம் டீசல் போட்டால் ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?

பட்டறை_மாமா:
நெம்பாதே தம்பி! இடது பக்கச் சக்கரங்களுக்கு இடதுமரை. எதிர்ப்பக்கம் சுற்று. இன்னொன்று, உன் ரிம் இரண்டு துண்டாகப் போல்ட் போட்ட காம்பாட் ரிம்மாக இருந்தால், நடுவில் ஐந்து நட்டு சக்கரத்துக்கு, அதற்கு வெளியே எட்டு நட்டு ரிம்மைச் சேர்த்துப் பிடிக்க. காற்றோடு அந்த எட்டில் கை வைத்தால் ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும். டயர் கடைப் பையனிடம் கொடுக்கும்போதும் வால்வ் ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்கிவிட்டே கொடு.

ஆர்டிஓ_அனுபவம்:
இன்ஜின் மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் மாட்டுவீர்கள். 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியையும் பாருங்கள்: முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் வி.ஏ. வரிசை நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. டீசல் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் வி.ஏ. நம்பரில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்கு ஓட்டுவதாக இருந்தால் இருக்கும் ஆர்.சி.யையே உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸி_நம்பர்:
இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஃபியூயல் பம்ப் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு) அதில் ஊறிக் கிழியும். எத்தனால் தாங்கும் டயஃப்ரமாகக் கேட்டு வாங்குங்கள். டிரைவர் சீட்டைத் தூக்கி டேங்க்கையும் வெளியே எடுங்கள், அதன் அடிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருக்கும்.