பழைய ஆர்710 சர்வர்ல விஎம்வேரோட இஎஸ்எக்ஸ்ஐ 6.5 ஓடுது, 7-க்கு தள்ளலாமா இல்ல அதே வேலை செய்யற ப்ராக்ஸ்மாக்ஸ் போயிடலாமா?

திருப்பூர்_சிஸ்டம்:
வணக்கங்க. பனியன் கம்பெனி ஆபீஸ்ல சிஸ்டம் வேலை மொத்தமும் நான் ஒருத்தன்தான் பாக்கறேன். எங்ககிட்ட இருக்கறது செகண்ட்ஹேண்டுல வாங்குன டெல் பவர்எட்ஜ் ஆர்710, ரெண்டு ஜியான் எக்ஸ்5650, 48 ஜிபி ராம், பெர்க் ஹெச்700 ரெய்டு கார்டுல ஆறு டிஸ்க் ரெய்டு 10 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத மாதிரி சேத்து கட்டுனது). ஒரே சர்வர பல கம்ப்யூட்டர் மாதிரி பிரிச்சு ஓட்டற ஹைப்பர்வைசர்தான் இஎஸ்எக்ஸ்ஐ, அதோட 6.5 மேல மூணு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓடுது: டேலி இருக்கற விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, ஃபைல் சர்வரா ஒரு சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு ஒரு விண்டோஸ் 7.

வெளிநாட்டு பையர் இந்த வருஷம் ஒரு கேள்வித்தாள் அனுப்பிருக்காங்க, அதுல சர்வர் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வருதான்னு ஒரு கேள்வி. 6.5-க்கு 2022 அக்டோபர்லயே சப்போர்ட் முடிஞ்சுது, அதனால 7 போட்டு பாக்கலாம்னு ஒரு காலி டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணேன், சிபியு சப்போர்ட் இல்லைன்னு அங்கயே நின்னுருச்சு. புது சர்வர் அடுத்த வருஷம்தான்னு முதலாளி சொல்லிட்டார். அந்த சிபியு செக்க தாண்ட ஒரு பூட் ஆப்ஷன் இருக்குன்னு சொல்றாங்க, அத போட்டு ஓட்டறது சரியா வருமா? செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

லேப்_மதுரை:
ஆப்ஷன் இருக்குங்க, இன்ஸ்டாலர் வரும்போது ஷிஃப்ட்டும் ஓ-வும் அழுத்தி கடைசில லெகசி சிபியுவ அனுமதிக்க சொல்லி ஒரு வரி சேக்கணும், சிபியு செக் தாண்டிடும். ஆனா உங்க பிரச்சனை சிபியு மட்டும் இல்ல. 7.0-ல விஎம்கேலினக்ஸ்னு இருந்த பழைய டிரைவர் அடுக்கையே மொத்தமா எடுத்துட்டாங்க. ஆர்710 போர்டுல இருக்கற பிராட்காம் 5709 நெட்வொர்க் போர்ட்டுக்கு 6.5-ல ஓடுனது அந்த பழைய டிரைவர்தான், அதனால 7 போட்டா அந்த நாலு போர்ட்டும் தெரியாது, தனியா ஒரு இன்டெல் கார்டு சொருகணும். ஹெச்700-ம் அதே கதைதான், டிரைவர் ஃபைல்ல கை வெச்சு கார்டு ஐடிய சேத்து ஓட்டறவங்க இருக்காங்க, ஆனா ஒவ்வொரு பேட்ச் போடும்போதும் அது திரும்ப போயிடுமோன்னு பயந்துட்டே இருக்கணும், கம்பெனி கணக்கு இருக்கற பெட்டில நான் அத செய்யவே மாட்டேன்.

இவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்துனாலும் 7-க்கும் 2025 அக்டோபர் 2-ஓட சப்போர்ட் முடிஞ்சுருச்சு. பையர் கேள்விக்கு அப்பவும் இல்லைன்னுதான் எழுதணும்.

அதவிட அவசரமா ஒண்ணு. 2023 பிப்ரவரில இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்னு ஒரு ரான்சம்வேர் வந்துச்சு ஞாபகம் இருக்கா, 6.5, 6.7, 7.0 எல்லாத்துலயும் எஸ்எல்பி சர்வீஸ்ல (நெட்வொர்க்ல எந்த சர்வீஸ் எங்க இருக்குன்னு தேடிக் குடுக்கறது) இருந்த ஓட்டை வழியா உள்ள போய் விஎம்மோட டிஸ்க்கான விஎம்டிகே ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டு போச்சு. அந்த ஓட்டைக்கு பேட்ச் வந்து அப்பவே ரெண்டு வருஷம் ஆயிருந்துது. மொதல்ல இன்னைக்கே எஸ்எல்பிய நிறுத்துங்க, மேனேஜ்மென்ட் ஐபி வெளிய இன்டர்நெட்ல தெரியுதான்னு பாருங்க, ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் ஏதாச்சும் இருந்தா எடுத்துடுங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம்.

கோவை_ஹோம்லேப்:
நான் இதே ஆர்710-ல ப்ராக்ஸ்மாக்ஸ் ஓட்டறேன் தம்பி, ஹெச்700, 5709 ரெண்டுக்கும் லினக்ஸ் கெர்னல்ல டிரைவர் இன்னும் இருக்கு, இன்ஸ்டாலர்லயே எல்லாம் தெரியும். ஒரே ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன், 6.8 கெர்னல்ல இன்டெல் ஐயோஎம்எம்யு (கார்டுங்க மெமரிய தொடறத கட்டுப்படுத்தறது) தானா ஆன் ஆயிருக்கும், பழைய டெல் பெட்டில ரெய்டு கார்டு அதனால தடுமாறும், பூட் ஆகி டிஸ்க்கே காணோம்னு நிக்கும். கெர்னல் வரில அத ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும். அரை ராத்திரி டிஸ்க்தான் போச்சுன்னு நெனச்சு உக்காந்திருந்தேன், அதான் சொல்றேன்.

டிஸ்க்க தானே நேரா கையாள்ற ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் ஆசை வேண்டாம். ஹெச்700 டிஸ்க்க நேரா காட்டாது, ரெய்டு கார்டு மேல இசட்எஃப்எஸ் போடறது தப்பு. ரெய்டு 10 அப்படியே இருக்கட்டும், மேல லினக்ஸ்லயே டிஸ்க்க பிரிச்சு குடுக்கற எல்விஎம்-தின் போதும்.

இப்ப முக்கியமான விஷயம், பெட்டி ஒண்ணுதான், அதத்தான் அழிக்கப் போறீங்க. ப்ராக்ஸ்மாக்ஸ்ல இஎஸ்எக்ஸ்ஐ-ல இருந்து நேரா இழுக்கற வசதி 2024-ல இருந்து இருக்கு, 6.5-ல இருந்தும் இழுக்கும், ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கணும். அதனால ஆபீஸ்ல சும்மா கெடக்கற ஒரு ஐ5 டெஸ்க்டாப்ல 16 ஜிபி ராமும் பெரிய எஸ்எஸ்டியும் போட்டு அதுல மொதல்ல ப்ராக்ஸ்மாக்ஸ் ஏத்துங்க. மூணு விஎம்மையும் அங்க இழுத்து, ரெண்டு நாள் அதுலயே ஆபீஸ ஓட்டி பாருங்க. எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம்தான் ஆர்710-ல கை வைக்கணும். வேலை முடிஞ்சதும் அந்த டெஸ்க்டாப்பையே பேக்கப் சர்வரா வெச்சுக்கோங்க.

விண்டோஸ் விஎம்ல விஎம்வேர் டூல்ஸ (விஎம்முக்குள்ள போடற விஎம்வேர் டிரைவர் தொகுப்பு) கிளம்பறதுக்கு முன்னாடியே அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, இங்க வந்தப்புறம் அது சுலபத்துல போகாது. மொத தடவ டிஸ்க்க சாட்டாவா மாட்டி பூட் பண்ணி, கூடவே 1 ஜிபில ஒரு டம்மி விர்ட்ஐஓ (விஎம்முக்குன்னே இருக்கற வேகமான வகை) டிஸ்க் சேத்து டிரைவர் போட்டு, ஷட்டவுன் பண்ணிட்டு மெயின் டிஸ்க்க விர்ட்ஐஓ-க்கு மாத்துங்க. 2012 ஆர்2-க்கு புது டிரைவர் ஐஎஸ்ஓ ஆகாது, 0.1.189 எடுங்க. விண்டோஸ் 7-க்கு 0.1.173. டேலி லைசன்ஸ மாத்தறதுக்கு முன்னாடி சரண்டர் பண்ணிட்டு புது எடத்துல திரும்ப ஆக்டிவேட் பண்ணணும், மெஷின் மாறுனது அதுக்கு தெரிஞ்சுடும்.

ஈரோடு_மணி:
ரெண்டு பேரும் சொன்னது சரிங்க, இருந்தாலும் கரண்ட் கணக்கையும் முதலாளிகிட்ட காட்டுங்க. என்னோட ஆர்710 சும்மா நிக்கும்போதே 160 வாட் இழுக்குது, மீட்டர் வெச்சு பாத்தேன். ரெண்டு மாசத்துக்கு 230 யூனிட், ஏசி செலவு தனி.

அப்புறம் எக்ஸ்5650-ல ஏவிஎக்ஸ்ங்கற புது சிபியு கட்டளை தொகுப்பு கிடையாது. மோங்கோடிபி டேட்டாபேஸ் 5.0-ல இருந்து ஏவிஎக்ஸ் இல்லாம எந்திரிக்காது, ரெட்ஹேட் லினக்ஸ் 10-க்கு இன்னும் மேல வேணும். உங்க சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ஓட கதை முடிஞ்சுது, அதுக்கு பதிலா டெபியன் லினக்ஸ் போட்டா இந்த சிபியுல பிரச்சனை இல்ல. ஹைப்பர்வைசர மட்டும் புதுசாக்கிட்டு உள்ள சப்போர்ட் முடிஞ்ச 2012 ஆர்2-வயும் விண்டோஸ் 7-ஐயும் அப்படியே விட்டா பையருக்கு எழுதற பதில் பாதிதான் உண்மை. விண்டோஸ் 7 விஎம்முக்கு இன்டர்நெட்ட வெட்டிட்டு தனி விலான்ல (தனியா பிரிச்ச நெட்வொர்க்) போடுங்க.

திருப்பூர்_சிஸ்டம்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். மதுரை அண்ணா சொன்ன அன்னைக்கே பாத்தேன், ரூட்டர்ல 443 போர்ட் தெறந்து கெடந்துச்சு, எனக்கு முன்னாடி இருந்தவர் வீட்ல இருந்து பாக்க போட்டு வெச்சது போல, மூடிட்டேன். கை கால் எல்லாம் நடுங்கிருச்சு.

டெஸ்க்டாப்ல ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு சனிக்கிழமை ராத்திரி டேலி விஎம்ம இழுத்தேன். ஸ்னாப்ஷாட் (முன்னாடி இருந்த நிலைய பிடிச்சு வெச்சது) ஒண்ணு பழசு இருந்ததால ரொம்ப மெதுவா வந்துச்சு, அத கான்சாலிடேட் பண்ணி மெயின் டிஸ்க்கோட சேத்துட்டு திரும்ப இழுத்தப்புறம் வேகமா முடிஞ்சுது. நெட்வொர்க்ல மட்டும் பழைய ஐபி மறைஞ்சு கெடந்த பழைய கார்டுலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சிருக்கறத காட்டச் சொல்லி எடுத்துட்டு புதுசா போட்டேன். திங்கக்கிழமை காலைல அக்கவுண்ட்ஸ்ல அக்கா வந்து வழக்கம் போல டேலிய தெறந்து பில் போட ஆரம்பிச்சாங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தேன்.

ஆர்710-ல இன்னும் கை வைக்கல. ஃபைல் சர்வர டெபியன்ல புதுசா கட்டிட்டு இருக்கேன், விண்டோஸ் 7 மட்டும் பழைய பெட்டிலயே ஓடுது, அட்டெண்டன்ஸ் மெஷின் விலான் தாண்டி பேசுதான்னு இந்த ஞாயிறு பாத்துட்டு எழுதறேன்.