புதுப்பிப்பு: 4கே ப்ளூ-ரே பிளேயர் வாங்கிவிட்டேன்

அலமாரி நிறைய ப்ளூ-ரே பட வட்டுகள் இருக்கும்போது, அதைவிட நுணுக்கமான படம் தரும் 4கே அல்ட்ரா எச்டி வட்டுக்கு மாறத்தான் வேண்டுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். "முதல்ல கண்ணால பாருங்க" என்றீர்கள். பார்த்துவிட்டேன்.

நண்பரின் பிளேயரை இரவல் வாங்கி, ஒரே படத்தை ப்ளூ-ரே, 4கே இரண்டு வட்டிலும் மாற்றி மாற்றி ஓட்டினேன். 55 அங்குல டிவி, ஒன்பது அடி தூரம். 4கேயில் பிக்சல் (படப்புள்ளி) நான்கு மடங்கு என்பது அங்கிருந்து எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தது எச்டிஆர்தான், அதாவது வெளிச்சத்திலும் இருட்டிலும் கூடுதல் விவரம் காட்டும் நுட்பம். மழை இரவுக் காட்சி ஒன்றில், பழைய வட்டில் கறுப்புக் குடை வெறும் கறையாக இருந்தது. புதியதில் துணியின் மடிப்பும், கம்பி நுனியில் தொங்கிய நீர்த்துளியும் தெரிந்தன. நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

முதல் நாள் திரை விட்டு விட்டு இருண்டது. காரணம் பிளேயரை டிவியோடு இணைத்த பழைய எச்டிஎம்ஐ கேபிள். நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் போட்டதும் சரியானது.

பழைய ப்ளூ-ரே, டிவிடி எல்லாம் இதிலேயே ஓடுவதால் எதையும் விற்கவில்லை. 4கே வட்டுக்கு மண்டலக் கட்டுப்பாடு (ஒரு பகுதியில் விற்ற வட்டு வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி வைக்கும் பூட்டு) கிடையாது, வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம் (ப்ளூ-ரேக்கு உண்டு, கவனம்). ஆனால் 35 எம்எம் நெகட்டிவை (மூலப் படச்சுருளை) 4கேயில் புதிதாக ஸ்கேன் செய்த படங்களை மட்டுமே வாங்கப்போகிறேன். 2கேயில் (ஏறக்குறைய ப்ளூ-ரே அளவுத் துல்லியத்தில்) முடித்து 4கேயாகப் பெரிதாக்கிய படங்களுக்கு என்னிடம் இருக்கும் ப்ளூ-ரேயே போதும்.

பிக்சல் வித்தியாசமும் தெரியட்டும் என்று நாற்காலியை ஆறடிக்கு நகர்த்திவிட்டேன். அதற்குச் செலவே இல்லை, முதலில் அதைச் செய்து பாருங்கள்.