சின்ன ஹாலுக்கு எந்தத் தரை? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மாமியார் ஒன்று சொல்கிறார்

இரண்டாம் மாடி:

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 1986-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. போன ஆண்டுதான் வாங்கினோம். ஹால் 9க்கு 13 அடி, படுக்கையறை 9க்கு 10, சமையலறை 6க்கு 8.

ஹாலில் கட்டிய காலத்து மொசைக் தரை. எங்களுக்கு முன் இருந்தவர்கள் அதன்மேல் அடர்ந்த மர நிறத்தில் வினைல் விரிப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். படுக்கையறையில் மொசைக்கின் மேலேயே கலவை கொட்டி, ஓரடிச் சதுரத்தில் காப்பிப்பொடி நிற டைல்ஸ். இரண்டுக்கும் நடுவே கதவடியில் கருப்பு கிரானைட் பட்டை. ஹாலிலிருந்து அறைக்குள் போக ஒன்றரை அங்குலம் ஏற வேண்டும். மாமியாருக்கு 72 வயது, இரண்டு முறை தடுக்கிவிட்டது.

சுவர்களுக்கு வெள்ளை அடித்தும் வீடு குகை மாதிரியே இருக்கிறது. தரையை மாற்றலாம் என்று கடைக்குப் போனோம். 4க்கு 2 அடியில் பளபளக்கும் வெள்ளை டைல்ஸைக் காட்டி, “இதைப் போட்டால் ஹால் இரண்டு மடங்காகத் தெரியும்” என்றார் கடைக்காரர். மர நிறம்தான் வேண்டும் என்கிறார் கணவர். “வெள்ளையில் ஒரு தலைமுடி விழுந்தாலும் பாம்பு மாதிரி தெரியும், ஈரத்தில் நான் விழுந்தால் யார் தூக்குவது?” என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

நூல்பிடி:

கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவன், இப்போதும் அதே தொழில். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஓரடி டைல்ஸ் போட்ட அறையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு ஓடும், கண் கட்டம் எண்ணிக்கொண்டே போகும். பெரிய டைல்ஸில் கோடு குறையும். ஆனால் உங்கள் ஹாலின் அகலம் 9 அடிதான். 4 அடிப் பக்கத்தை அகலவாக்கில் போட்டால் இரண்டு முழு டைல், பிறகு ஓரடி வெட்டுத்துண்டு. நீளவாக்கில் போட்டாலும் 13 அடிக்கு மூன்று முழு டைல், ஓரடித் துண்டு. அந்தத் துண்டு வாசலுக்கு எதிரே வந்து நின்றால், பெரிய டைல்ஸ் வாங்கிய பெருமை எல்லாம் அங்கே போய்விடும். சேதாரமும் கூடும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பழைய கட்டடங்களில் மூலை சரியாகச் செங்கோணத்துக்கு வருவதில்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வர வேண்டும். கால் அங்குலம் தவறினாலும், 13 அடி ஓடி முடியும்போது சுவரோரத் துண்டு ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒல்லியாகவும் வரும். சின்ன டைல்ஸில் இது மறைந்துவிடும், பெரிய டைல்ஸில் பல்லிளிக்கும்.

வெள்ளை பளபளப்பு வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி அடிக்கும், மிச்சத் தரை இன்னும் இருட்டாகவே தெரியும். இரண்டு டைல்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். வெளிர் சாம்பலோ மணல் நிறமோ மேட் ஃபினிஷில் பாருங்கள்.

நீள டைல்ஸே போடுவது என்று முடிவானால் செங்கல் கட்டுபோலப் பாதிக்குப் பாதி தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். நீள டைல்ஸ் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் லேசாக வில்லாக வளைந்திருக்கும். பாதிக்குப் பாதி வைத்தால் ஒன்றின் மேடு அடுத்ததன் முனைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், காலில் இடறும். மூன்றில் ஒரு பங்கு தள்ளுங்கள், அல்லது நேர்க்கோட்டில் போடுங்கள்.

வெண்பளிங்கு:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் பால் வெள்ளை போட்டோம். அரண்மனை மாதிரி இருக்கிறது.

நூல்பிடி:

உங்கள் ஹால் எத்தனை அடி?

வெண்பளிங்கு:

16க்கு 22.

நூல்பிடி:

அதுதான் விஷயம்.

செட்டிநாட்டு மருமகள்:

எங்கள் செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரை ஓடு பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், இல்லை. கண்ணாடிப் பலகைமேல் நிறக் கலவையை ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையே கிடையாது. கோடையில் வெறுங்காலோடு நடந்தால் அதன் அருமை தெரியும். புகுந்த வீட்டில் அந்தத் தரையைப் பார்த்து மயங்கி, நாங்கள் குடியிருக்கும் சின்ன வீட்டிலும் பூ வேலைப்பாடு உள்ளதைப் போட்டேன். பத்தடி அறையில் முந்நூறு பூக்கள்! ஹாலுக்குள் வருகிற யாரும் என்னைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார்கள். அந்த வேலைப்பாடு நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமுமாக வளவு வைத்த பெரிய வீட்டுக்கு அளந்து செய்தது. சின்ன அறையில் போட ஆசை இருந்தால் ஒரே நிறத்தில், பூவும் பார்டரும் இல்லாமல் வாங்குங்கள். சுற்றிலும் பார்டர் போட்டால் அறைக்குள் இன்னொரு சின்ன அறை வரைந்ததுபோல ஆகிவிடும்.

பாரம் தாங்கி:

நிறம் பற்றி எனக்குக் கருத்து இல்லை, எடை பற்றி இருக்கிறது. இரண்டாம் மாடி, 1986 கட்டடம். இப்போதைய தரைமேலேயே இரண்டு அங்குலம் கலவை போட்டு டைல்ஸ் பதித்தால் கலவை மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ, 9 மில்லிமீட்டர் டைல்ஸ் இன்னொரு 20 கிலோ. உங்கள் ஹாலும் அறையும் சேர்ந்து ஏறத்தாழ 19 சதுர மீட்டர். இரண்டு டன்னுக்கு மேல் புதிதாக ஏற்றுகிறீர்கள். வீட்டுத் தளத்தில் மனிதர்கள், மரச்சாமான்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். படுக்கையறையில் ஏற்கெனவே ஓர் அடுக்கு ஏற்றியாகிவிட்டது, அங்கே மூன்றாவது அடுக்கு என்ற பேச்சே கூடாது.

தரைமேல் தரை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கலவையை விட்டுவிட்டு டைல் பசை வாங்குங்கள், மூன்று நான்கு மில்லிமீட்டரில் வேலை முடியும். பையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியாகச் சுட்ட விட்ரிஃபைட் டைல் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பாலை நம்பினால் சில ஆண்டுகளில் வெயில் காலத்தில் நடுராத்திரி ‘டப்’ என்று எழும்பும். பழைய டைல்ஸை உடைத்து எடுப்பதானால் பெரிய இயந்திரம் வைத்து அதிரவிடாதீர்கள். கீழ்வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்திருந்தால் காரை அவர்கள் சாப்பாட்டில் விழும்.

இரண்டாம் மாடி:

எல்லோருக்கும் நன்றி. 3-4-5 அளந்தோம், ஒரு மூலையில் ஐந்தடிக்கு அரை அங்குலம் தவறுகிறது. கணவர் முகம் வாடிவிட்டது. இன்னொன்று: சோபாவுக்குப் பின்னால் வினைல் விரிப்பின் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். கீழே மொசைக் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, நடுநடுவே சாம்பலும் கொஞ்சம் செங்கல் நிறமும். பசை ஒட்டி அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உடையவில்லை.

பழைய மேற்பார்வையாளர்:

அம்மா, கடைக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முப்பது ஆண்டுகள் கட்டட வேலை பார்த்தவன் சொல்கிறேன், உங்கள் வீட்டைச் சின்னதாகக் காட்டுவது அந்தக் கருப்புப் பட்டை.

ஹால் வாசலில் நின்று பாருங்கள். கண் தரையோடு போகிறது, கதவடியில் கருப்புக் கோடு, அதன்பின் ஒரு படி, அதன்பின் வேறு நிறம். 13 அடியில் வீடு முடிந்துவிட்டது என்று கண் எண்ணிக்கொள்கிறது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் அறைக்கதவு திறந்திருக்கும்போது பார்வை அறையின் ஜன்னல்வரை ஓடும். டைல் 2 அடியா 4 அடியா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். இரண்டு அறைக்கும் ஒரே மட்டம், ஏறக்குறைய ஒரே நிறம், நடுவில் பட்டை கிடையாது. இவ்வளவு செய்தால் போதும்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். வீட்டில் எட்டு முழ வேட்டி இரண்டு இருக்கும். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன், ஹாலில் தொடங்கிக் கதவடி வழியாக அறைக்குள்வரை ஒன்றன்பின் ஒன்றாக விரியுங்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, கதவடியில் ஒரு கருப்புத் துணியைக் குறுக்கே போட்டு மறுபடி பாருங்கள்.

ஹால் மொசைக்கை உடைக்காதீர்கள். பாலிஷ் போடுங்கள். முதலில் ஒட்டுப் பசையைச் சுரண்ட வேண்டும். பிறகு பொத்தல்களுக்கு வெள்ளை சிமெண்டில் நிறப்பொடி கலந்து அடைத்துக் காயவிட்டு, இயந்திரத்தில் 60, 120, 320 என்று கல் மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். கடைசியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடி போட்டு மெருகு. கண்ணாடி மாதிரி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரியவர் இருக்கிற வீடு. தேய்க்கும்போது வரும் சேற்றுத் தண்ணீரை மட்டும் குளியலறைக் குழாயில் விடச் சொல்லாதீர்கள். அது சிமெண்ட், உள்ளே போய் இறுகிவிடும். வாளியில் அள்ளிக் கீழே கொண்டுபோகச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

படுக்கையறை டைல்ஸை உளி வைத்துக் கையால் எடுங்கள். அடியில் மொசைக் நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் டைல்ஸ் பிடிப்பதற்காக மேஸ்திரி மொசைக்கைக் கொத்தி வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் மாடி:

ஐயா, வேட்டி விரித்தோம். மாமியார் முதலில், “இது என்ன, யார் நடந்து வரப்போகிறார்கள்?” என்று கேட்டார். வாசலில் போய் நின்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கருப்புக் கல்லை எடுத்துவிடு” என்றார். கணவர் மர நிறம் பற்றி அதற்குப்பின் வாய் திறக்கவில்லை.

(மூன்று மாதங்களுக்குப் பிறகு)

இரண்டாம் மாடி:

என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேலை முடிந்தது.

மேற்பார்வையாளர் ஐயா சொன்னபடியே ஆயிற்று. படுக்கையறை டைல்ஸை எடுத்தால் அடியில் மொசைக் முழுக்க அம்மை போட்ட முகம்போல உளிக் கொத்து. அதைத் தேய்த்து மீட்க முடியாது என்று பாலிஷ் போட வந்தவரே சொல்லிவிட்டார். கொத்துப்பட்ட அந்த மேல்படையையும் அரை அங்குலம் எடுத்துவிட்டு, பசை வைத்து 2க்கு 2 மேட் டைல்ஸ் பதித்தோம். பசையும் டைலும் சேர்ந்து அதே அரை அங்குலம் என்பதால் ஹாலின் மட்டத்துக்கே வந்துவிட்டது. நிறம் தேர்வுசெய்யக் கடைக்கு மொசைக் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கடை விளக்கில் எல்லாமே பொருந்துவதுபோல இருந்தது, வெயிலில் கொண்டுவந்து வைத்தால் ஐந்தில் நான்கு பொருந்தவில்லை. டைல்ஸின் நடுவே பூசும் கிரவுட்டையும் அதே நிறத்தில் வாங்கினோம், கோடு கண்ணில் படுவதில்லை. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை முன்பு காப்பி நிறத்தில் ஆறு அங்குலம் இருந்தது. இப்போது தரையின் நிறத்திலேயே மூன்று அங்குலம். அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், சுவர் உயரமாகத் தெரிகிறது.

மொசைக்கும் டைல்ஸும் சேரும் கோடு எங்கே வர வேண்டும் என்று பாதி நாள் சண்டை. கதவைச் சாத்தினால் பலகைக்கு நேர் அடியில் வரும்படி மேஸ்திரி வைத்துக்கொடுத்தார். கதவு சாத்தியிருக்கும்போது எந்த அறையில் நின்றாலும் மற்ற அறையின் தரை தெரிவதில்லை. அறையில் தரை இறங்கிவிட்டதால் கதவுக்குக் கீழே இடைவெளி விழுந்தது, ஒரு மரச்சட்டம் ஒட்டினோம். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஹால் பாலிஷுக்கு, புது டைல்ஸுக்குக் கடையில் போட்டுக்கொடுத்த கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மிச்சப் பணத்தில் தரையோடு உட்கார்ந்திருந்த பழைய சோபாவைக் கொடுத்துவிட்டு, கால் வைத்த மரச்சோபா வாங்கினோம். அதன் அடியில் சுவர்வரை தரை தெரிகிறது. வீடு இரண்டு மடங்காகத் தெரிகிறதா என்றால் இல்லை, 9 அடி 9 அடிதான். ஆனால் வாசலில் நின்றால் அறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் தெரிகிறது. மரம் எப்போதும் அங்கேதான் இருந்தது.

சுவரோரமாக இரண்டு இடங்களில் பசைக் கறை போகவே இல்லை. ஓரிடத்தில் பூந்தொட்டி வைத்திருக்கிறேன்.

செட்டிநாட்டு மருமகள்:

இன்னோரிடத்தில்?

இரண்டாம் மாடி:

மாமியாரின் நாற்காலி. எழுந்தாலும் அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு.

பாரம் தாங்கி:

சமையலறையை என்ன செய்தீர்கள்?

இரண்டாம் மாடி:

இன்னும் தொடவில்லை. பழைய ஓரடி செராமிக், சிவப்பு. சிந்தியது தெரியாது, வழுக்காது, அதை மாற்றவே கூடாது என்கிறார் மாமியார். தீபாவளிக்குப் பிறகு வேறோர் இழை தொடங்குகிறேன்.