செயற்கை வாய்த்தோலா, வளர்ப்பு வாய்ச்சவ்வா?

> 'செயற்கை வாய்த்தோல்' என்றால் எல்லோருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வணக்கம்.

ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்க்கும் வாயின் உட்படலத்துக்கு (tissue-engineered oral mucosa) தமிழில் என்ன பெயர் என்பதுதானே கேள்வி? நீங்கள் சொல்வது புரியும், ஆனால் தவறாகப் புரியும். நோயாளியின் உட்கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, அதன் செல்களைப் பிரித்துப் பெருக்கி, ஒரு தாங்குபொருளின் மேல் விதைக்கிறார்கள். அடிப்பக்கம் ஊட்டநீர்மத்திலும் மேற்பரப்பு காற்றிலும் இருக்கும்படி வைத்தால் செல்கள் அடுக்கடுக்காக எழும்புகின்றன. விளைவது அவருடைய சொந்தச் செல்களின் திசு. செயற்கை முத்து வேறு, வளர்ப்பு முத்து வேறு என்று நகைக்கடையிலேயே பிரித்துச் சொல்கிறார்கள்! 'தோல்' அதைவிட மோசம். தோலில் இருப்பதுபோல் ஈறிலும் மேலண்ணத்தின் கடினப் பகுதியிலும் கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தாலான மேலடுக்கு உண்டு. உட்கன்னத்தில் பொதுவாகக் கிடையாது.

ஆகவே என் பரிந்துரை 'வளர்ப்பு வாய்ச்சவ்வு'. 'சளிச்சவ்வு' (mucosa) சரியான சொல்தான். ஆனால் "உங்களுக்குச் சளிச்சவ்வு வைக்கப்போகிறோம்" என்று எந்த மருத்துவர் நோயாளியிடம் சொல்வார்? இலங்கை நண்பர்களின் 'சீதமென்சவ்வு' அழகாக இருக்கிறது, கூட்டுச்சொல்லில் நீண்டுவிடும்.

மேலடுக்கும் அதன் அடித்திசுவும் சேர்ந்திருந்தால் மட்டுமே இந்தப் பெயர் பொருந்தும். 2004இல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் 4 நோயாளிகளின் கருவிழிப் பரப்பில் வைத்தது வாய்ச்செல்களின் மேலடுக்கை மட்டும். நொதி எதுவும் சேர்க்காமல், வெப்பத்தைக் குறைத்ததுமே அது வளர்ப்புத் தட்டிலிருந்து கழன்றுவந்தது. அதற்குச் 'செல் ஏடு' போதும். 2008இல் வெளியான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வில் 5 பேரின் சிறுநீர்வழிச் சுருக்கத்துக்கு வைத்ததோ, கொடையாளர் தோலின் அடிப்பகுதியில் இருவகைச் செல்களையும் வளர்த்த முழுச் சவ்வு. அதிலும் இருவருக்கு நார்த்திசு தடித்துச் சுருங்கியதால் ஒட்டியதை ஒருவருக்கு முழுவதுமாகவும் மற்றவருக்கு ஓரளவும் அகற்ற வேண்டியிருந்தது.

ஆய்வகச் சோதனைக்கு வளர்ப்பதைத் தனியே பிரித்தாக வேண்டும். வாய்க்கொப்புளிப்பு நீர்மத்தின் எரிச்சல்தன்மையைச் சோதிக்கும் மாதிரிகள் சிலவற்றில் இருப்பவை டிஆர்146 என்னும் கன்னப் புற்றுச் செல்கள். அவற்றை யாருக்கும் ஒட்ட முடியாது. ஒன்றுக்கு 'ஒட்டுச்சவ்வு', மற்றொன்றுக்குச் 'சோதனைச்சவ்வு' எனலாம்.

தாங்குபொருளுக்குச் சிலர் சொன்ன 'சாரம்' எனக்கு உடன்பாடே. கொத்தனார் கட்டும் சாரம்போல இதுவும் பெரும்பாலும் நிலைத்திருப்பதில்லை.

--

> ஒன்றுக்கு 'ஒட்டுச்சவ்வு'

'வளர்ப்பு' சரி. 'ஒட்டுச்சவ்வு' இடிக்கிறது. உட்கன்னத்திலிருந்து வெட்டி நேரடியாக ஒட்டும் அறுவைதான் இன்றும் வழக்கமான முறை. அந்தத் துண்டும் ஒட்டுச்சவ்வுதானே? அறுவைக் குறிப்பில் இரண்டும் ஒரே பெயரில் வந்தால் ஆபத்து. 'வளர்ப்பொட்டு' என்று வைத்தால் என்ன?