டீக்கடையில் கிளாஸ் ஒருத்தருக்கு, காகிதக் கப் இன்னொருத்தருக்கு: வழக்கு நிற்குமா?

மேலூர் பக்கம்:
முன்னாடி டீக்கடைகள்ல காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ் இருக்கும், குடிச்சவங்களே கழுவி வைக்கணும். இப்ப அது போயிருச்சு. பெஞ்சுல இருக்கிறவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரங்களுக்குக் கேட்காமலே காகிதக் கப். கேட்டா "சுத்தத்துக்காக"ங்கறாங்க. இது வன்கொடுமைச் சட்டத்துல வருமா? புகார் எங்க சறுக்கும்?

வைகைக்கரை:
கண்டிப்பா வரும். 1989 பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல 2015 திருத்தம் சேர்த்த 3(1)(இசட்ஏ) பிரிவைப் படிங்க. பொது இடத்துல எல்லாருக்குமா வச்சிருக்கிற பாத்திரத்தைப் பட்டியல் சாதியினர் புழங்கவிடாம தடுத்தாலே குற்றம். 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரை தண்டனை. சாதி பேரைச் சொல்லித் திட்டியிருக்கணும்னு இல்ல.

"இழிவுபடுத்துறாங்க"ன்னு பொத்தாம் பொதுவா எழுதுற புகார்தான் சறுக்கும். முதல்ல வாய்விட்டு கிளாஸ் கேளுங்க. கேட்டு மறுத்தாத்தான் 'தடுத்தது' நிக்கும். தேதி, நேரம், கப்பை நீட்டினவர், அவர் சொன்ன வார்த்தை, அப்ப கிளாஸ்ல குடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் வேணும். மூணு நாலு நாள் குறிச்சு வைங்க. சாட்சியில ஒருத்தராவது வேற சாதியா இருந்தா வலு.

வீடியோ எடுத்தா பெஞ்சு, டீ மாஸ்டர் கை, கப் வாங்குறவர் மூணும் ஒரே ஓட்டத்துல வரணும். வாட்சப்ல சுத்துற பிரதியை நம்பாதீங்க, எடுத்த போனைப் பத்திரப்படுத்துங்க. 2024 ஜூலையில வந்த புது சாட்சிய சட்டத்துல கேட்கிற 63ஆம் பிரிவுச் சான்றும் (மின்னணுப் பதிவுக்கான சான்று) இணைக்கணும்.

ஒத்தக்கடை வக்கீல்:
புகார்தாரர் சாதிச் சான்றிதழை முதல்லயே பாருங்க. கிறித்தவரா மாறினவங்களுக்கு பி.சி.ன்னு இருக்கும், இந்தச் சட்டம் கைகொடுக்காது. அதே காலனி, அதே கப், ஆனா சட்டம் இல்ல, பெரிய அநியாயம். அதனால சான்றிதழ் சரியா இருக்கிறவரே புகார் கொடுக்கட்டும்.

ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். இல்ல) கொடுத்துட்டு, ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு சமாதானம் பேசுவாங்க. ஒத்துக்காதீங்க. இதே சட்டத்துல 2018ல வந்த 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணையே வேண்டாம். மறுத்தா எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566லயும் சொல்லலாம். விசாரிக்க வேண்டியது டி.எஸ்.பி., 60 நாள்ல குற்றப்பத்திரிகை. எஸ்.ஐ. விசாரிச்சா அன்னைக்கே எழுத்துல ஆட்சேபணை கொடுங்க. இந்த ஓட்டையிலதான் எதிர்த்தரப்பு வக்கீல் கை வைப்பார்.

உசிலை:
பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்பே தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை. ஊராட்சியில சொன்னா பறிமுதல் பண்ணலாம். ஆனா அதோட நிறுத்துனீங்கன்னா, மறுவாரமே காலனிக்குன்னு தனியா எவர்சில்வர் டம்ளர் வந்து நிக்கும்.

அதைவிட முக்கியம், புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடியே காலனியில உட்கார்ந்து பேசுங்க. யாரு யாரு தோட்டத்துல கூலிக்குப் போறாங்க, யாருக்குக் கடன் பாக்கி, ஆடு மாடு யாரு நிலத்துல மேயுதுன்னு எழுதி வைங்க. அடி அங்கதான் முதல்ல விழும். வேலைக்கு வரவேண்டாம்னு சொன்னா அது 3(1)(இசட்சி), பொருளாதாரப் புறக்கணிப்பு, தனிக் குற்றம். சொன்ன அன்னைக்கே ரெண்டாவது புகாரும் போயிரணும்.